கடைசி விளக்கு யார் கையில்

எனக்கு டார்ச் போதும் என்றேன். கடைக்காரர் மரியப்பன் எடுக்கத் திரும்பினார். அதற்குள் மலையாண்டி அண்ணன் குறுக்கிட்டார்.

“டார்ச் எதுக்குத்தா? முருகனப் பாக்கப் போறமா, கன்னம் வைக்கப் போறமா?”

செக்காலை ரோட்டில் இருந்தது அந்த விளக்குக்கடை. அறுபத்தெட்டாம் வருடத்துத் தை பிறந்து இரண்டு நாள். பூசத்துக்கு வலையபட்டியிலிருந்து நாற்பது பேர் பழனிக்கு நடக்கிறோம். மலையாண்டி அண்ணன்தான் கூட்டத்துக்குத் தலைவர். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்று விடியுமுன்பே நடக்கத் தொடங்குவோம். முன்னால் ஒரு பெட்ரோமாக்ஸ் போகும். கடைசியில் ஒருவர் அரிக்கேன் பிடித்து வருவார். தலை எண்ணும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வழியில் ஒதுங்க வேண்டியவர்கள் கடைசி விளக்கிடம் சொல்லிவிட்டு ஒதுங்குவார்கள். அவர்கள் வரும்வரை விளக்கு நிற்கும். அந்த விளக்கு, நாங்கள் தங்கும் மடத்துக்குள் நுழைந்துவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று என்று பொருள்.

போன வருடம் அந்த விளக்கு என் கையில் இருந்தது.

மரியப்பன் எங்களைக் கடையின் பின்னறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பகலிலேயே அங்கே கை தெரியாத இருட்டு. பெட்ரோமாக்ஸை ஏற்றினார். அது சீறிக்கொண்டு வெள்ளையாக எரிந்தது.

“இதுல காலடி நல்லாத் தெரியும்க்கா. அதத் தாண்டி ஒண்ணும் தெரியாது. வெளிச்சத்துக்கு அங்குட்டு ஆளு நின்னாலும் பாக்க மாட்டீக.” பிறகு டார்ச்சை அடித்துக் காட்டினார். “இது நீங்க நீட்டுன எடத்த மட்டும் காட்டும்.” கடைசியாக அரிக்கேன். “இதுல உங்களுக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. ஆனா ரொம்பத் தூரத்துல இருந்து பாக்குறவுகளுக்கு நீங்க தெரிவீக.”

அதற்குத்தான் நான் பயந்தேன்.

“அரிக்கேனே குடுங்க,” என்றார் அண்ணன், என்னைக் காட்டி. “போன வருசம் ஒரு நாழி காத்து நின்ன கை அது. நம்ம அழகிய விட்டா வேற யாரு நிப்பா?”

நான் சொன்னதை அவர் நம்பியிருந்தார். ஊரே நம்பியிருந்தது.

காளியாயி என் கொழுந்தன் மனைவி. தன் மகள் சின்னத்தாயிக்குக் காது குத்தியபோது, பிள்ளை இல்லாதவள் என்று என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு வருடம் பேச்சில்லை. போன வருடம் மூன்றாம் நாள், நத்தம் தாண்டி மலையடிவாரத்தில், இருட்டில் என் பக்கம் வந்தாள். “அக்கா, செத்த நில்லுங்க, வந்துர்றேன்,” என்றாள். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் என்னிடம் கேட்க நேர்ந்தது எனக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் இனிக்கட்டும் என்று நினைத்தேன். திரியை இறக்கினேன். நடந்தேன்.

என் விளக்கு மடத்துக்குள் போனது. எல்லோரும் வந்தாயிற்று என்று கஞ்சி குடித்துப் படுத்தார்கள். உச்சிவேளைக்குத்தான் அவளைத் தேடினார்கள். நான்கு நாள் தேடியும் அவள் பை மட்டும் ஒரு கள்ளிப்புதரில் கிடைத்தது. நான் நின்றேன், அவள் வரவில்லை, முன்னால் போயிருப்பாள் என்று நினைத்தேன் என்று சொன்னேன். சின்னத்தாயி இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறாள். என்னை அம்மா என்கிறாள்.

அரிக்கேனை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அதே மலையடிவாரம். பனி இறங்கியிருந்தது. முன்னாலிருந்து அண்ணன் “வேல் வேல்” என்று குரல் கொடுப்பார். “வெற்றிவேல்” என்ற பதில் வரிசையாகப் பின்னால் வந்து, கடைசியில் என் வாயில் முடியும்.

“வெற்றிவேல்,” என்றேன்.

“வெற்றிவேல்,” என்றது எனக்குப் பின்னால்.

மெதுவாக, தொண்டை கட்டிய பெண்குரல். மலை எதிரொலித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த முறை வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. எனக்கு முன்னால் நடந்தவள் சொல்லி முடித்தாள். நான் சொல்ல வேண்டிய இடம் காலியாகக் கடந்தது. அதன் பிறகு, சரியான இடைவெளி விட்டு, பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

என் விரல் தானாகத் திரியின் திருகைத் தேடியது. இறக்கினால் போதும், நடந்துவிடலாம். சின்னத்தாயியின் சூடான கால் என் வயிற்றின் மேல் கிடப்பது நினைவுக்கு வந்தது. அது யாருடைய பிள்ளை என்று என்னை நானே கேட்காமல் ஒரு வருடம் கழிந்திருந்தது.

திரியை ஏற்றினேன். விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் நகர்ந்து போனது. பெட்ரோமாக்ஸ் ஒரு புள்ளியானது. எனக்குப் பின்னால் சரளைக்கல் மிதிபடும் ஓசை கேட்டது. யாரோ வெறுங்காலில், அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். நான் திரும்பவில்லை. கை கடுத்தது.

வெகுநேரம் கழித்து அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது.

“என்னத்தா, யாரு ஒதுங்கியிருக்கா? யாருக்கு நிக்கிற?”

“காளியாயிக்குண்ணே.”

“கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?”

“போன வருசம் நான் நிக்கலண்ணே. செத்த நில்லுங்கன்னு கேட்டா. திரிய இறக்கிட்டு வந்துட்டேன். அக்கா அக்கான்னு ரெண்டு தடவ கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு.”

அண்ணன் என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு, நடந்து வருகிறவருக்கு வழிவிடுவதுபோல, மெல்லப் பாதையோரமாக ஒதுங்கி நின்றார்.