குழாய்த் தண்ணீர் ஊற்றாதீங்க

பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கியதிலிருந்து, மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்கே நான்தான் தண்ணீர் நிபுணர். யார் வீட்டுக்குப் போனாலும் சொம்பில் அதை விட்டு, உப்பு எவ்வளவு என்று படித்துக் காட்டாமல் வரமாட்டேன். குழாய்த் தண்ணீர் நானூறு. எங்கள் ஃபில்டர் தண்ணீர் முப்பது.

சித்திரையில் எதிர்வீட்டு ரஞ்சிதா கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். எங்கள் ஏர்கூலரை நானே தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"குழாய்த் தண்ணி மட்டும் ஊத்தாதீங்கத்தை. தெனம் நானே ஃபில்டர் தண்ணி கொண்டாரேன். தொட்டியக் கழுவோணும்னுகூட இல்லீங்க" என்றேன், ரஞ்சிதாவின் அம்மா பொன்னாயியிடம்.

"உனக்குத் தெரியாததா சுகன்யா."

வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து, பதினைந்து நாள் ஊற்றினேன். குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ்தான் மூக்கைச் சுளித்தார். "ரூமெல்லாம் கொளத்து நாத்தம். அதத் தொறந்து பாருங்க." சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

திறந்தேன். தொட்டிச் சுவரெல்லாம் பச்சைப் பாசி. விரல் வழுக்கியது. மீட்டரை விட்டேன். அது பாசியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் காட்டியது.

பொன்னாயியின் முகம் சுருங்கியது. "முந்தாநேத்து நீ வரலியா, ரெண்டு கொடம் குழாய்த் தண்ணி ஊத்திப்போட்டேன். அதான் இப்படி ஆயிருச்சு."

"நாந்தான் சொன்னனில்லீங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஃபில்டரோடு தந்த புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்தேன். குழாய்த் தண்ணீரில் கிருமி சேராமல் காக்கும் குளோரினை ஃபில்டர் எடுத்துவிடுமாம். பிடித்த தண்ணீரை நாள்கணக்கில் வைக்கக் கூடாதாம். வெயிலில் நின்றால் பாசி பிடிக்கும் என்று போனில் பார்த்தேன். மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும். எந்தத் தண்ணீரானாலும் வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவியாக வேண்டும். இரண்டு குடத்தால் வந்ததல்ல அது. என்னால் வந்தது.

அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

மூன்றாம் நாள் பொன்னாயி கூலரைத் தள்ளிக்கொண்டு வந்தார். புளி போட்டுத் தேய்த்த தொட்டி பளபளவென்று இருந்தது. இரவல் வாங்கியதை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள் எங்கள் பக்கம். தொட்டிக்குள் ஒரு பை நிலக்கடலை.

"உம் பொருளக் கெடுத்துப்போட்டேன், மனசுல வச்சுக்காத சாமி. நர்ஸம்மா சொன்னது சம்மந்தியூடு வரைக்கும் போயிருச்சு. சுத்தமில்லாத ஊட்டுல பேத்திய உடமாட்டேன், நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்ங்குது ரஞ்சிதா மாமியா."

நான் பையை எடுக்கவில்லை.

"அத்தை, உங்க தண்ணியால இல்லீங்க. கழுவ வேண்டாம்னு சொன்னது நான். அன்னைக்கே தெரிஞ்சுருச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பொன்னாயி கூலரின் மேலிருந்து கையை எடுத்தார்.

"மூணு நாளா நான் வாங்குன பேச்சு எவ்வளவு தெரியுமா?" என்றார். குரல் உயரவேயில்லை. பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி நீட்டினார். "இத சம்மந்தியம்மாகிட்டச் சொல்லு."

மணி இரண்டு முறை அடித்தது. மீட்டரை நைட்டிப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"நானுங்க, எதிர்வீட்டு சுகன்யா" என்றேன்.