பதினைந்து பாகம் கயிறு

மனைவி கடலில் இருக்கும்போது கணவன் என்ன செய்யலாம் என்று உமாசங்கரிடம் கேட்டால், தண்ணீர் பாட்டிலை நிரப்பலாம், துவாலையைப் பிடிக்கலாம், மிச்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்பான். நான்கு வருடமாக அவன் செய்தது அவ்வளவுதான். ஆதிரா பாய்ப்படகுப் போட்டிக்காரி. ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகு. ஏறிவிட்டால் அவளும் காற்றும்தான். கரையில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. கேட்டாலும் தப்பு, வெளி உதவி என்று எழுதிவிடுவார்கள்.

ஆதிரா அவனுக்கு அத்தை மகள். இரண்டு குடும்பமும் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து சாலைக் கடைத்தெருவில் மளிகை போட்டவர்கள். அந்த வம்சத்தில் தண்ணீரில் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். "கடல்ல போயி என்னத்தைப் பிடிச்சுக் கொண்டுவருவா?" என்று உறவில் கேலி செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே உமாசங்கர் சொல்லியிருந்தான்: "நீ ஓட்டு. நான் பாத்துக்கிடுகேன்." எதைப் பார்த்துக்கொள்வது என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

இந்த எட்டு மாதமாக அவள் கழக்கூட்டத்துக் கம்பெனி வேலைக்குச் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, விடிகாலையில் வேளிக் காயலில் கிடந்தாள். பயிற்சியாளர் ஜெயஷீலா குளச்சல்காரி. ஒரு காலத்தில் தேசிய அளவில் ஓட்டியவள். சுக்கானைக் கழற்றி வைத்துவிட்டு உடம்பின் சாய்மானத்தால் மட்டும் படகைத் திருப்பச் சொல்லுவாள். கண்ணைத் துண்டால் கட்டி, எந்தக் காதில் காற்று படுகிறது என்று கேட்பாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும். "அலை, அதிர்ஷ்டம், அடுத்தவ படகு, இது மூணையும் காரணமா எழுதினே, தாளைக் கிழிச்சிருவேன். 'நான்'னு ஆரம்பி" என்பாள். அந்த நோட்டை ஆதிரா வேறு யாரிடமும் காட்டியதில்லை, கணவனிடம்கூட.

தேசியப் பயிற்சி முகாமுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க விழிஞ்ஞத்துக்கு வெளியே கடலில் ஆறு ஓட்டங்கள். முதலில் வந்தால் ஒரு புள்ளி, இரண்டாவது வந்தால் இரண்டு. கடைசியில் குறைந்த புள்ளிக்காரிகள் இருவருக்கு இடம். நான்கு ஓட்டம் முடிந்தபோது ஸ்வப்னா எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விட்டாள். இரண்டாம் இடத்துக்கு ஆதிராவும் பத்தொன்பது வயது ஜானவியும் தோளோடு தோள்.

போட்டி நடத்தும் சங்கத்தில் ஆள் பற்றவில்லை. அதனால் உமாசங்கரை மிதவைப் படகில் ஏற்றிவிட்டார்கள். கடலின் அந்தக் கோடியில், வீராங்கனைகள் சுற்றித் திரும்ப வேண்டிய ஆரஞ்சு மிதவைக்குக் காவல்.

"உமாசங்கரே, ஒரு காரியம் சொல்லுகேன் கேட்டோ," என்றார் போட்டி அதிகாரி விஜய்குமார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். "பாரியாள் பக்கத்துல வந்தா நீங்க சிரிக்கக் கூடாது, முறைக்கக் கூடாது, தும்மக்கூடக் கூடாது. மனசிலாயோ?"

"வீட்டுலயும் அப்படித்தான் சார்," என்றான் உமாசங்கர். ஆதிரா தலைக்கவசத்துக்குள்ளிருந்து சிரித்தாள்.

மிதவைப் படகின் எஞ்சினைப் பிடித்தவர் பிச்சைக்கனி. திருநெல்வேலிக் கடற்கரையிலிருந்து வந்து விழிஞ்ஞத்தில் இருபது வருடமாகப் படகோட்டுகிறவர். ஆழத்தை அளந்து பார்த்து, இரண்டு கையையும் விரித்து விரித்து, முப்பத்தைந்து பாகம் கயிறு விட்டு மிதவையின் நங்கூரத்தை இறக்கினார். "தாராளமா விடணும் சாரே. கயிறு சரிஞ்சு கிடந்தாத்தான் நங்கூரம் மண்ணைக் கடிக்கும்."

ஐந்தாவது ஓட்டத்தில்தான் அது நடந்தது. ஆதிரா மிதவைக்கு இரண்டாவதாக வந்தாள். ஜானவி நான்கு இடம் பின்னால். மிதவையைச் சுற்றும்போது அலை ஒன்று எழும்பியது. மிதவை நீளக் கயிற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடி, படகின் விளிம்பில் 'டப்' என்று பட்டது. உமாசங்கர் கண்ணால் கண்டான். மிதவையைத் தொட்டால் அந்த இடத்திலேயே ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும், தண்டனை. ஆதிரா அந்த நொடியே பாயைத் திருப்பி வட்டம் போட்டாள். மூன்று படகுகள் அவளைத் தாண்டிப் போயின, பின்னே ஜானவியும், அவளுக்குப் பின் இன்னும் இரண்டு படகுகளும்.

"யாருமே பாக்கலியே சாரே. இந்தப் பொண்ணு என்னத்துக்குச் சுத்துது?" என்றார் பிச்சைக்கனி.

"அதான் சட்டம்."

"நீங்களும் நானும்தானே பாத்தோம்?"

"அவளும் பாத்தாளே," என்றான் உமாசங்கர். வட்டம் முடித்தவள் கடல்நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த திசைக்குச் சாய்ந்தாள்.

கணக்குப் பார்த்தால், ஜானவியைவிட அவளுக்கு மூன்று புள்ளி அதிகம். கடைசி ஓட்டத்தில் அவள் முந்தி, இருவருக்கும் நடுவே மூன்று படகாவது நுழைந்தால்தான் முகாம்.

இடைவேளையில் பிச்சைக்கனி பெட்ரோல் நிரப்ப அதிகாரியின் பெரிய படகுக்குத் தாவிப் போனார். உமாசங்கர் தனியாக மிதவையைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். அந்த ஆரஞ்சு வயிற்றைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆத்திரம் வந்தது. இது ஆடியதால்தானே? கயிறு இவ்வளவு நீளமாக இருப்பதால்தானே ஆடுகிறது? நான்கு வருடமாகக் கையைக் கட்டி நின்றவனுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காரியம் கிடைத்தது. குனிந்து, கயிற்றை இழுத்து, பதினைந்து பாகத்தைச் சுருட்டி, மிதவையின் வளையத்தில் இறுக்கிக் கட்டினான். மிதவை குட்டைக் கயிற்றில் கட்டிய பசு மாதிரி அசையாமல் நின்றது. எல்லோருக்கும்தானே நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பெட்ரோலோடு திரும்பி வந்த பிச்சைக்கனி முடிச்சைக் கவனிக்கவில்லை. ஆறாவது ஓட்டம் தொடங்கும்போது மணி ஒன்றே முக்கால். கடற்காற்று ஏறியிருந்தது. துறைமுகத்துக்கு ஒரு பெரிய கப்பல் வருவதால் மூன்று மணிக்குள் அந்தக் கடற்பகுதியைக் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி. பாதையை இரண்டு முறை சுற்ற வேண்டும்.

ஆதிரா அன்று ஓட்டியதை உமாசங்கர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தொடக்கக் கோட்டில் நெரிசலுக்குள் போகாமல், தெற்கு ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி கண்டு அதில் புகுந்தாள். காற்று கறுத்து வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். முதல் சுற்றில் மிதவையை முதலாவதாகத் தாண்டினாள், ஜானவி ஆறாவது. அவன் சிரிக்கவில்லை, தும்மவில்லை. படகுப் பலகையில் கால் விரல்களை மட்டும் மடக்கிக்கொண்டான்.

இரண்டாம் சுற்றில் அவள் மறுபடியும் தெற்குப் பக்கமே ஏறி வந்தாள். ஜானவியும் மற்றவர்களும் வடக்கே பிரிந்தார்கள். அப்போதுதான் உமாசங்கர் கரையைப் பார்த்தான். காலையில் மிதவையிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கமும் பள்ளிவாசல் மினாரும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தன. இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு அகலம்.

"சாரே," என்றார் பிச்சைக்கனி மெதுவாக. "மிதவை போவுது."

போய்க்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு அலையும் குட்டைக் கயிற்றை வெடுக்கென்று மேலே இழுக்க, நங்கூரம் மண்ணைவிட்டு எழும்பி எழும்பி, தெற்கே நகர்ந்தது. ஆதிரா வரும் பக்கத்துக்கு. யாரோ அவளுக்காகத் தட்டில் வைத்து நீட்டுவதுபோல. வடக்கே போனவர்களுக்குத் தூரம் கூடிக்கொண்டே போனது.

பிச்சைக்கனி வளையத்தைப் பார்த்தார். சுருட்டிக் கட்டிய கயிற்றைப் பார்த்தார். "கயித்துல கை வெச்சியளா?"

உமாசங்கர் கலங்கரை விளக்கத்தையே பார்த்தான்.

"வாக்கி டாக்கியில சொல்லணும் சாரே. மிதவை நகந்தா உடனே சொல்லணும்னு காலைல படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

தெரியும். சொன்னால் ஓட்டம் ரத்து. சொல்லாவிட்டால், இன்னும் நான்கு நிமிடத்தில் அவள் முகாமுக்குப் போய்விடுவாள். நங்கூரத்தை எடுத்துத் திரும்பப் போடலாமென்றால் அதிகாரி உத்தரவில்லாமல் தொடக்கூடாது. படகுகளும் நெருங்கிவிட்டன. வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தான். ஆதிராவின் முகம் தெரியும் தூரம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, காற்றைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாதவள்போல வந்தாள். யாரும் கேட்காத வட்டத்தை இடைவேளைக்கு முன்பு போட்டவள் அவள்.

அவன் பொத்தானை அழுத்தினான். "சார், மிதவை நகர்ந்துட்டு. நிறைய நகர்ந்துட்டு."

ஆதிரா மிதவையைச் சுற்றித் திரும்பும் அதே நேரத்தில் பெரிய படகிலிருந்து மூன்று முறை ஊதல் ஒலித்தது. ரத்து. அவள் பாயைத் தளரவிட்டு, பெரிய படகில் ஏறிய கொடியைப் பார்த்தாள், மிதவையைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள். என்ன என்று கேட்கிற பார்வை. பதில் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை.

மறு ஓட்டத்துக்கு நேரமில்லை. தொடுவானத்தில் கப்பல் கறுப்பாகத் தெரிந்தது. ஐந்து ஓட்டங்களின் கணக்கே முடிவு என்று அறிவித்துவிட்டார்கள். ஸ்வப்னா, ஜானவி.

கரையில் ஜெயஷீலா ஒரு தாளோடு ஓடி வந்தாள். "ஆதிரா, மனு எழுது. அரை மணி நேரம் இருக்கு. மிதவை நகர்ந்தது கமிட்டி தப்பு, உன் தப்பில்ல. முதல் சுற்று இடத்தை வெச்சுப் புள்ளி கேக்கலாம். கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கேக்காம விடாதே."

ஆதிரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். பெயரை எழுதினாள். படகு எண்ணை எழுதினாள். உமாசங்கர் பக்கத்தில் போய் நின்றான்.

"ஒரு நிமிஷம் வா பிள்ளே."

"எழுதிட்டு வாறேன் அத்தான்."

"எழுதுறதுக்கு முன்னால."

கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் பின்னால் அவளைக் கூட்டிப்போய்ச் சொன்னான். சொல்லி முடிக்க இரண்டு வாக்கியம்தான் தேவைப்பட்டது.

"எதுக்கு?" என்றாள் அவள்.

"முந்தின ரேஸ்ல ஆடி வந்து உன் மேல இடிச்சுதே. திரும்பவும் இடிக்கக் கூடாதுன்னுதான்..."

"அது ஆடினதால இல்ல அத்தான்." அவள் குரல் கோபமாக இல்லை, அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது. "அலையில எல்லா மிதவையும் ஆடும். நான்தான் ஒரு கை தள்ளிச் சுத்தாம, ஆசைப்பட்டு ஒட்டிப் போனேன். சாப்பாட்டு நேரத்துலயே நோட்டுல எழுதியாச்சு. அடுத்த ரேஸ்ல சரியாத்தான் சுத்தினேன். பாத்தியளா இல்லியா?"

"பாத்தேன்."

"பின்னே?"

"நான் போய்ச் சொல்லிடுகேன். தப்பு என்னுதுன்னு சொன்னா உனக்குப் புள்ளி..."

"என்னன்னு சொல்லுவிய? பொண்டாட்டிக்காகக் கயித்தைச் சுருக்கினேன்னா? அதுக்கப்புறம் எனக்கு இடம் தந்தா, நான் ஜானவி மொகத்துல எப்படி முழிப்பேன்?" அவள் தாளை நான்காக மடித்தாள். "மனு வேண்டாம். ஆனா நீங்க போய்ச் சொல்லத்தான் செய்யணும். இல்லேன்னா பிச்சைக்கனி அண்ணன் தலையில விழும்."

அவன் போய்ச் சொன்னான். விஜய்குமார் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி மாட்டிக்கொண்டார். "உமாசங்கரே, நீங்க நல்ல மனுஷன். இனி இந்தப் படகுல கேறாண்டாம்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ஆதிரா ஜானவியின் தோளில் கை போட்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். முகாமில் குளிர் அதிகம் என்றோ, கையுறை இரண்டு ஜோடி எடுத்துப் போ என்றோ இருக்கும். அந்தப் பெண் கண்ணில் நீர் நிறையத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். கோவளம் தாண்டியது. திருவல்லம் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"திங்கக்கிழமை வேலைக்கு வாறேன்னு ஆபீசுக்கு மெயில் போட்டாச்சு," என்றாள் பின்னாலிருந்து.

"ரெண்டு வருஷத்துல அடுத்த தேர்வு வரும் பிள்ளே."

"முப்பது தாண்டினா எடுக்க மாட்டாங்க அத்தான். ரெண்டு வருஷத்துல எனக்கு முப்பத்தொண்ணு."

அது அவனுக்குத் தெரிந்ததுதான். இருந்தும் வாயில் வேறு என்ன வரும்? பக்கத்து பஸ்ஸிலிருந்து யாரோ இருமினார்கள். அவள் கை எப்போதும்போல் அவன் இடுப்பைச் சுற்றி இருந்தது. எடுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. அவள் அழுகிறாளா என்று கண்ணாடியில் பார்க்க முயன்றான். தலைக்கவசம் மட்டும் தெரிந்தது.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"போங்க அத்தான்," என்றாள்.