கைப்பிடியில் சிவப்புத் துணி

பைக்கில் வேலை பாதியில் நிற்கிறது என்றால் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். எங்கள் ஆட்டுப் பண்ணையில் நான் போட்ட ஒரே சட்டம் அது. பதினாறு வருடத்துக்கு முன்னால் என் மனைவி ரோனா, ஆயில் வடித்து வைத்திருந்த பைக்கை எடுத்துக்கொண்டு போய் எஞ்சினைப் பொசுக்கிவிட்டு வந்தாள். அன்று நான் கத்திய கத்தலில் கொட்டகைக் கூரை மேலிருந்த காக்கட்டூக் கிளிகள் எல்லாம் பறந்துவிட்டன. அதற்குப் பிறகு துணி கட்டிய பைக்கை அவள் தொட்டதே இல்லை.

"உன் வாய்லயும் ஒரு துணியக் கட்டணும், கிழவா. அதுவும் ரிப்பேர்லதான் கெடக்கு" என்பாள்.

இந்தச் சனிக்கிழமை காலையில் துணியைக் கட்டிவிட்டுத்தான் முன்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ஷூ தேய்ந்திருந்தது. புதுசு போட்டு, சக்கரத்தைப் பழையபடி தூக்கி வைத்து, அதைத் தாங்கும் ஆக்சில் கம்பியை நுழைத்தேன். கம்பி கழன்று வராமல் இறுக்கும் நட்டு ஒன்றுதான் பாக்கி, ஜாம் பாட்டில் மூடியில் கிடந்தது. அப்போது பார்த்து வீட்டுக்குள் போன் அடித்தது. கம்பளி வாங்குகிற ஆளாக இருக்கும். கையெல்லாம் கிரீஸ். கைக்குக் கிடைத்ததில் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

திரும்பி வந்தால் பைக் இல்லை. நட்டு மட்டும் மூடியில் அப்படியே இருந்தது.

ரோனாதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வரும். பிறவிக் குணம். பாய்ந்து போய் வேனில் இருந்த, இருபக்கமும் பேசுகிற ரேடியோவை எடுத்தேன்; அவள் இடுப்பிலும் ஒன்று இருக்கும்.

"ரோனா! எங்கடி இருக்க?"

"மொத கேட்ட சாத்திட்டு நிக்கிறேன். தெக்குத் தொட்டிக்குத் தண்ணி ஏறல. ஆடெல்லாம் நாக்கத் தொங்கப் போட்டு நிக்குது. ஏன்?"

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? செவப்புத் துணி கட்டியிருந்தது தெரியல?"

"துணி எதுவும் இல்லையே."

"என் கையால கட்டினேன்டி!"

"அப்ப கங்காரு வந்து அவுத்துட்டுப் போயிருக்கும்."

"வெளாடாத! பதினாறு வருஷமா சொல்றேன், ஒரு வார்த்தையாவது மண்டைல ஏறுதா?"

"சரி, நீ கத்தி முடி. நான் தொட்டியப் பாத்துட்டு வரேன்."

ரேடியோவை அணைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

முகத்தைத் துடைக்கக் கால்சட்டைப் பையில் கையை விட்டேன். கிரீஸ் அப்பிய சிவப்புத் துணி வந்தது.

நான் கத்திக்கொண்டிருந்தபோது அவள் பைக்கை விட்டுக் கீழே இறங்கித்தான் நின்றிருந்தாள். "ஏறாத" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எனக்கோ, தப்பு யார் மேல் என்பதுதான் பெரிதாகப் போய்விட்டது. பாவி நான்.

வேனை விரட்டினேன். மண்பாதை நெடுக வரிவரியாக மேடு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த நட்டில்லாத ஆக்சில் ஒரு நூல் வெளியே நகரும்.

முதல் கேட் சாத்திச் சங்கிலி போட்டிருந்தது. ரோனா எந்தக் கேட்டையும் திறந்து போட்டுவிட்டுப் போகமாட்டாள், காடே பற்றி எரிந்தாலும் தாண்டி நிறுத்தி, இறங்கிச் சாத்திவிட்டுத்தான் போவாள். நான் சாத்தவில்லை. இரண்டாவது கேட்டும் மூடியிருந்தது. மூடிய கேட்டைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அங்கே வரைக்கும் நன்றாகப் போயிருக்கிறாள் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மூன்றாவது கேட் ஓடைக்கரையின் உச்சியில் இருக்கிறது. தாண்டியவுடன் செங்குத்தான இறக்கம். கேட்டைச் சாத்த நிறுத்த வேண்டுமானால் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். ஷூ புதுசு. நன்றாகப் பிடிக்கும், ஆக்சில்தான் தாங்காது.

வளைவு திரும்பியதும் தெரிந்தது. கேட் அகலத் திறந்து கிடந்தது. தாகத்தில் ஆடுகள் ஒவ்வொன்றாக அதன் வழியே என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. தடுக்க அங்கே யாரும் நிற்கவில்லை.