சோப்பு அடைத்த பம்ப்

சாவியைத் திருப்பினால், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் டிக் டிக்கென்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. காலை எட்டரை மணிக்கு, கூபாவின் ஆளரவமில்லாத ஒரு கரும்புக்காட்டு நடுவில், எலாதியோவின் ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கார் படுத்துவிட்டது. நேரம் பார்த்துப் படுத்தது, பாழாய்ப்போனது.

பின்சீட்டில் அவன் மனைவி மிக்தாலியா, முகம் வீங்கிக் கிடந்தாள். இரண்டு கிட்னியும் போனவள். செவ்வாய்க்கிழமை நகரத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லாமல், ரத்தம் சுத்தம் பண்ணாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று ஜெனரேட்டர் ஓடும். ஆனால் பதினொரு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் மெஷினில் போடுவார்கள், அதற்குமேல் டீசல் பத்தாது. இதுவும் தவறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

"பத்து நிமிஷம், கிழவி."

"உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா? அதுல மூணு பிள்ளை பெத்துடலாம்."

எலாதியோ காருக்கடியில் நுழைந்து, பம்பைச் செருப்பால் நாலு தட்டு தட்டினான். பல தடவை அதிலேயே எழுந்திருக்கிறது. இன்று அசையவில்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் அவனே சுற்றிவைத்த செம்புக்கம்பி நன்றாகத்தான் இருந்தது. பல்பை ஒயரில் வைத்துப் பார்த்தான், எரிந்தது. எர்த் ஒயரின் துருவைச் சுரண்டி மாட்டினான். ஊஹூம்.

அப்போது ஆள் ஏற்றிப்போகும் லாரி ஒன்று வந்து நின்றது. "நகரத்துக்குத்தான் போறேன், வர்றீங்களா?" என்றான் டிரைவர்.

"போயிடலாம்யா," என்றாள் மிக்தாலியா.

"வண்டியை யாரு பாத்துக்குவா? போன மாசம் ஒருத்தன் தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள, அவன் கார் நாலு கல்லு மேல நின்னுச்சு. சக்கரம்கூட மிச்சமில்ல."

"அப்ப என்னை மட்டும் ஏத்தி விடு."

"நிக்கவே தெம்பில்ல, லாரியில போறாளாம். கோளாறு பிடிபட்டுடுச்சு, பேசாம இரு."

டிரைவரைப் போகச்சொல்லிக் கையைக் காட்டினான். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்ததும் பம்ப் ஒருமுறை டிக்கென்று அடித்துவிட்டு, அப்படியே நின்று சூடேறியது. அப்படியானால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. கழற்றித் திறந்தான். சாம்பல் நிறத்தில் வழவழவென்று களி. மோந்து பார்த்தான். சோப்பு. போன வாரம் பெட்ரோல் டேங்க் ஒழுகியபோது, கூபாவில் எல்லாரும் செய்வதுபோல ஓட்டையில் சோப்பைத் தேய்த்து அடைத்தான். வெளியே தேய்த்தால் போதாதென்று ஓட்டைக்குள்ளும் திணித்தான். கள்ளத்தனமாக வாங்கிய பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. அந்தத் தண்ணீரில் சோப்பு கரைந்து, நேராகப் பம்பில் போய் அடைத்துவிட்டது. தன் புத்தியைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

கழுவி மாட்டினான், அடிக்கவில்லை. கடைசியில் டேங்கிலிருந்து பெட்ரோலைப் பிடித்து, துணியில் வடிகட்டி, பெரிய பாட்டிலில் ஊற்றிக் கூரைமேல் கட்டினான். பெட்ரோல் தானாக இறங்கும்படி, அதிலிருந்து ஒரு குழாயை நேராக இன்ஜினின் கார்புரேட்டரில் சொருகினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா! தோக்க மாட்டான் எலாதியோ."

மணி பத்தரை தாண்டியிருந்தது. பாட்டில் காலியாகக் காலியாக, நடுவழியில் இரண்டு தடவை நிறுத்தி நிரப்பினான்.

ஆஸ்பத்திரி வாசலில் காரை விட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பதினொன்றே முக்கால். நர்ஸ் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "பதினொரு மணிக்கே கடைசி ஆளைப் போட்டாச்சுங்க. அடுத்த டீசல் என்னைக்கு வரும்னு எனக்கே தெரியாது. டாக்டரைக் கூப்பிடறேன், ஊசி ஏதாவது போடுவாங்க."

மிக்தாலியாவைப் பெஞ்சில் கிடத்தினான். திட்டுவாள் என்று காத்திருந்தான், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மூச்சுவாங்க மெல்லச் சொன்னாள்:

"போய் வண்டிகிட்ட நில்லுய்யா. தனியா விட்டுட்டு வந்திருக்க."

அவன் போகவில்லை. அவள் காலடியில், வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டான்.