மேல்வீட்டு ஏசித் தண்ணீர்

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அது முதலில் என் காதுக்கு வந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் தொழில் அப்படி. மற்றவர்களின் துணிகளைப் பிரித்து, பிடித்து, தளர்த்தித் தைத்துக் கொடுப்பவள் நான். கால்சட்டையின் இடுப்பைக் கூட்டச் சொன்னால் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று பொருள். திடீரென்று குறைக்கச் சொன்னால் ஒன்று நோய், இல்லாவிட்டால் காதல். எது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு ஊசியில் நூல் ஏறாது. துணி வாங்கவும் கொடுக்கவும் என் பழைய சின்னக் காரில் வீடு வீடாகப் போவேன். போன இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். தண்ணீர் வருவதற்குள் பாதிக் கதை வந்துவிடும், குடித்து முடிப்பதற்குள் மீதி.

இப்பேர்ப்பட்டவளுக்குத் தன் மூக்கிலிருந்து வரும் சத்தம் மட்டும் தெரியாமல் போயிற்று.

கீழ்வீட்டுக்காரர் ஒருநாள், ராத்திரியானால் ஏதோ மோட்டார் ஓடுகிறது, தூங்க முடியவில்லை என்று எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் செயலாளரிடம் புகார் சொன்னார். விடுவேனா நான்? யார் வீட்டு மோட்டார் என்று கண்டுபிடிக்க நானே முன்னால் நின்று மொட்டைமாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்கினேன். மூன்றாம் மாடிப் புதுக் குடித்தனத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அவர்கள் முகமே சரியில்லை என்று இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சிரித்திருக்கிறார் மனுஷன்.

உண்மை ஒரு மத்தியான நேரத்தில் சிக்னலில் வெளிப்பட்டது. சிவப்பு விளக்குக்காக நின்றேன், அதுவரை நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். என் கார் தானாக உருண்டு போய் முன்னால் நின்ற ரொட்டி வண்டியைக் கன்றுக்குட்டி போல முட்டியிருக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு, கீழ்வீட்டுக்காரர் சொன்ன அதே மோட்டார் சத்தத்தோடு குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன்.

"ஏம்மா, தூங்கறதுன்னா வீட்டுல போய்த் தூங்கக் கூடாதா? வண்டியில இருக்கற ரொட்டியெல்லாம் நசுங்கிப்போச்சு பாருங்க" என்றார் ஓட்டுநர்.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்று மாலையே கார்ச் சாவி என் வீட்டுக்காரரின் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவர் வங்கியில் காசாளர். பூட்டி வைத்ததை எடுத்துத் தருவது என்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது.

டாக்டரிடம் போனோம். தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். "தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதும்மா. தூங்கறதா நீங்க நினைக்கறீங்க, உடம்பு ராத்திரி பூரா மூச்சுக்கு மல்லுக்கட்டுது. அதான் பகல்ல கண்ணு சொருகுது" என்றார் டாக்டர். மூக்கில் முகமூடி போலக் கவ்விக்கொண்டு காற்றை உள்ளே தள்ளும் மெஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார். "எத்தனை நேரம் மாட்டியிருந்தீங்கன்னு மெஷினே சொல்லிடும். அடுத்த தடவை வரும்போது பார்க்கறேன். ஒழுங்கா மாட்டியிருந்தா கார் ஓட்டலாம். இல்லேன்னா நானே வேணாம்னு எழுதிக் கொடுத்துடுவேன்."

கார் இல்லாமல் நான் என்ன ஆவது? அதற்குள்ளேயே பாதி வீடுகள் பக்கத்துத் தெருத் தையல்காரியிடம் போய்விட்டன. துணி போனால்கூடப் பொறுத்துக்கொள்வேன். செய்தியும் சேர்ந்து அவளிடம் போய்க்கொண்டிருந்தது.

மெஷினை வீட்டில் பொருத்த வந்தவர், காற்றை ஈரமாக்க அதில் இருந்த சின்னத் தண்ணீர் டப்பாவைக் கழற்றிக் காட்டினார். "இதுல டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும். குழாய்த் தண்ணி, ஃபில்டர் தண்ணி எதுவும் வேணாம். மெடிக்கல்ல கேட்டா கொடுப்பாங்க."

மெடிக்கல்ல! அதுதானே சிக்கல். தெருமுனை மருந்துக் கடையை நடத்தும் அம்மாள் என்னைவிட ஒரு படி மேல். யார் எந்த மாத்திரையை எந்தப் பையில் மறைத்து எடுத்துப் போகிறார்கள் என்பதை நானே அவரிடமிருந்துதான் தெரிந்துகொள்வேன். அங்கே போய் நான் டிஸ்டில்டு வாட்டர் கேட்டால் "யாருக்கு?" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் முகம் வெளுத்ததை அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன்!

"நான் வாங்கிட்டு வரேனே" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க வேண்டவே வேணாம். அந்தம்மா கேட்டா, என் பொண்டாட்டி குறட்டை விடறாங்கன்னு நீங்களே மைக் வெச்சுச் சொல்லிடுவீங்க."

"கேட்டா பொய்யா சொல்றது?"

இந்த மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறேனோ.

வீட்டில்தான் ஃபில்டர் இருக்கிறதே என்று அந்தத் தண்ணீரையே ஊற்றினேன். கொஞ்ச நாளில் டப்பாவின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்தது. தேய்த்தாலும் போகவில்லை. அப்போதுதான் பின்பக்க பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் உச்சந்தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

மேல்வீட்டில் இருப்பவர் வயலின் டீச்சர். அவர் வீட்டு ஏசிக் குழாய் என் பால்கனிக்கு நேராகச் சொட்டும். இதற்காக நான் அவரோடு போடாத சண்டையில்லை. "டீச்சர், உங்க வீட்டு மழை எங்க வீட்டுல பெய்யுது" என்று கட்டடக் கூட்டத்திலேயே எழுந்து நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று அந்தத் துளியைத் தொட்டுப் பார்த்ததும் என் மூளை வேலை செய்தது. வீட்டுக்காரர் எங்கள் ஏசித் தண்ணீரைப் பிடித்துத்தானே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறார்? காற்றில் இருக்கும் ஆவிதான் குளிர்ந்து சொட்டுகிறது. ஆவி குளிர்ந்தால் அதுதானே டிஸ்டில்டு வாட்டர்? கடவுளாகப் பார்த்துத் தலையில் ஊற்றுவதை நான் கடையில் போய்க் கேட்டு மானத்தை விடுவதா? எங்கள் ஏசியை வீட்டுக்காரர் மின்கட்டணத்துக்குப் பயந்து எப்போதாவதுதான் போட விடுவார், அதில் சொட்டுவது பேட்டரிக்கே சரியாகிவிடும். டீச்சர் வீட்டிலோ வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் ஓடும்.

எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் குழாய்க்கு நேராக வைத்தேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. டப்பாவில் ஊற்றினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அடியில் புதிதாக ஒரு பொட்டு வெள்ளை படியவில்லை. விஞ்ஞானியாகப் போயிருக்க வேண்டியவள், கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேனே என்று என்னை நினைத்து நானே பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சு வீணாகக் கூடாது என்று அதையும் மெஷின் வழியாகவே விட்டேன்.

சில நாட்களில் முகமூடிக்குள் மழைக்காலத்து அலமாரி வாடை வந்தது. புது மெஷின் வாசனை என்று நினைத்தேன். பிறகு தொண்டை கரகரத்தது. மூக்கடைத்தது. இருமல் பிடித்தது. முகமூடியை மாட்டினால் இருமல், கழற்றினால் நிம்மதி. கழற்றிவிட்டுத் தூங்கினேன். மறுபடி பகலில் தையல் மெஷின்மேல் தலை சாய்ந்தது. ஒரு சட்டையின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்திருந்தேன். டாக்டரைப் பார்க்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கழற்றி வைத்ததையெல்லாம் அந்த மெஷின் ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறது. அதைவிட மோசமான கோள்மூட்டியை நான் இந்தத் தெருவில் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த நிலைமையில் ஒரு காலையில் வயலின் டீச்சர் என் வாசலில் வந்து நின்றார். முகத்தில் என்றுமில்லாத சிரிப்பு.

"அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஆளைக் கூப்பிட்டு ஏசிக் குழாயைத் திருப்பி விட்டுட்டேன். இனிமே உங்க பால்கனியில ஒரு சொட்டு விழாது."

எனக்குப் பகீரென்றது. "எதுக்கு டீச்சர் இவ்வளவு அவசரம்?"

"அவசரமா? இத்தனை வருஷமா நீங்க போட்ட சண்டைக்கு இது அவசரமா?"

"அது... ஏதோ கோவத்துல சொல்றதுதான். சொட்டினா சொட்டட்டுமே. நமக்குள்ள என்ன."

டீச்சர் என்னைச் சுருதி கலைந்த வயலினைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அக்கா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா உங்களுக்கு?"

"செடிக்கு ஊத்தறேன், அதான்."

"உங்க வீட்டுல செடியே இல்லையே."

"வாங்கலாம்னு இருக்கேன்."

"அந்தத் தண்ணிய செடிக்குக்கூட ஊத்தாதீங்க அக்கா. வந்த ஆளு ஏசியைத் திறந்து காட்டினாரு. எனக்குக் குமட்டிடுச்சு. வாங்க, நீங்களே வந்து பாருங்க."

மேலே கூட்டிக்கொண்டு போனார். ஏசிக்குள் தண்ணீர் தேங்கி வரும் தட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள், கண்ணெதிரே பார்த்தேன். கறுப்பும் பச்சையுமாகக் கொழகொழவென்று பாசி. அதில் தூசி, முடி, ஒரு பூச்சியின் இறக்கை. அந்த இறக்கையைப் பார்த்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. டீச்சர் முதுகைத் தடவிக் கொடுத்தார். தெருவே அடித்துக் கேட்டாலும் வாயைத் திறக்காதவள், முதுகில் நாலு தடவு தடவியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இதைத்தான் டீச்சர் ராத்திரியெல்லாம் மூக்குல விட்டுக்கிட்டேன்."

மெஷின், டப்பா, மருந்துக் கடை, சாவி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நான் குறட்டை விடறது யாருக்கும் தெரியாது" என்றேன்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"யாருக்கும் தெரியாதா? அக்கா, மோட்டார்னு புகார் வந்தப்போ நீங்க டார்ச் எடுத்துட்டு மொட்டைமாடிக்கு ஏறினீங்க பாருங்க, அன்னிக்குக் கட்டடமே ஜன்னல்ல நின்னு சிரிச்சுது. நடுவுல கொஞ்ச நாள் சத்தம் நின்னுபோச்சு. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மெடிக்கல் அம்மாகூட விசாரிச்சாங்க."

"அந்தம்மாவுக்கும் தெரியுமா?"

"அவங்கதானே எனக்கே சொன்னாங்க!"

கட்டிக் காத்த ரகசியம் தெருவில் விலை போகாத பழைய சரக்காகக் கிடந்திருக்கிறது. அவமானத்தைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. என்னைப் பற்றிய செய்தி, என்னை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிறது!

அன்றே மருந்துக் கடைக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் நின்று, "டிஸ்டில்டு வாட்டர் வேணும், எனக்குத்தான்" என்று உரக்கச் சொன்னேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "பெரிய கேனா, சின்ன கேனா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மாள்.

டாக்டரிடமும் மறைக்கவில்லை. அவர் மெஷினின் கணக்கைப் பார்த்துக்கொண்டே, "நடுவுல நிறைய நாள் கழற்றிட்டீங்களே" என்றார். ஏசி விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

"அது ஆவியா இருந்த வரைக்கும் சுத்தம்தாம்மா. சொட்டறதுக்கு முன்னாடி எங்கெல்லாம் புரண்டு வருதுன்னு பார்க்க வேணாமா?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பேட்டரிக்குத்தான் டாக்டர் ஊத்தினேன், இவளுக்கு ஊத்தலை" என்று தன் பக்கத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நெஞ்சில் ஒன்றும் தங்கவில்லை, பிழைத்தேன். டப்பா, குழாய், முகமூடி எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். மீந்த தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவிக் காயவைக்கச் சொன்னார். "சாவி இப்போ கிடையாது. இன்னொரு தடவை வாங்க."

அழுகை வந்தது. டாக்டர் அறையில் தையல்காரி அழுதாள் என்று பக்கத்துத் தெருக்காரிக்குப் போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

இந்த முறை ஒரு ராத்திரிகூடக் கழற்றவில்லை. கேன் தண்ணீரில் வாடையும் இல்லை, வெள்ளையும் இல்லை. தண்ணீருக்கென்று ஒரு குணமும் இல்லாமல் இருப்பதுதான் அதன் குணம் என்பது எனக்குப் புரிய இத்தனை பாடு. அடுத்த முறை டாக்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஓட்டுங்க. ஆனா கண்ணு சொருகினா உடனே ஓரங்கட்டிடணும்" என்றார்.

மருத்துவமனை வாசலில் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, "நான் பார்த்துக்கிட்டே வரேன். நீ கண்ணை மூடினா உடனே தட்டுவேன்" என்றார்.

"தட்டுங்க, தட்டுங்க."

"இப்பல்லாம் ராத்திரி உன்கிட்டேயிருந்து சத்தமே வர்றதில்லையா... முன்னெல்லாம் அந்தச் சத்தம் நின்னா முழிச்சுப்பேன், திரும்ப மூச்சு வந்துச்சுன்னு தெரிஞ்சுட்டுத் தூங்குவேன். இப்போ எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது? எழுந்து எழுந்து உன் மூக்குக்கிட்ட கையை வெச்சுப் பார்க்க வேண்டி..."

பேச்சு அங்கேயே நின்றது. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆழ்ந்த தூக்கம்.

இத்தனை வருஷம் இந்த மனுஷன் தூங்கவில்லை என்பது, தெருவில் எல்லார் வீட்டுப் படுக்கையறைச் செய்தியும் தெரிந்த எனக்குத் தெரியாது.

மெதுவாக ஓட்டினேன். மேடு பள்ளம் பார்த்து ஓட்டினேன். எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது மருந்துக் கடை வாசலில் நல்ல கூட்டம். மூன்றாம் மாடிப் புதுக் குடித்தனக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மாள் என் காரைப் பார்த்துவிட்டு, "இங்க வாங்க, இங்க வாங்க" என்று இரண்டு கைகளாலும் கூப்பிட்டார். கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. காரை நிறுத்தினால் வீட்டுக்காரர் விழித்துவிடுவார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூட்டத்தைத் தாண்டிப் போனேன். வீட்டு வாசலிலும் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று போனேன், அப்புறம் இன்னொன்று.

அன்று அங்கே என்ன சண்டை என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. முழுதாகத் தெரியாததை நான் யாரிடமும் சொல்வதில்லை. சரி, தெரிந்த பாதியை டீச்சரிடம் மட்டும் சொன்னேன்.