மாப்பிள்ளையின் பெருமூச்சு

டாக்டரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிய பெரியவர், நேராகத் தம்பி மனைவியின் அறைக்குள் போய், சற்றுமுன் நிறுத்திய ஆக்சிஜன் மெஷினை மறுபடி ஓடவிட்டார். அது ஒருமுறை கூவிவிட்டு வழக்கம்போல உறுமத் தொடங்கியது. இறந்தவளின் முகத்திலிருந்து கழற்றிய குழாய் தலையணை ஓரத்தில் கிடந்து, யாருக்கும் வேண்டாத காற்றை ஊதியது.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த இறந்தவளின் தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பண்றீங்க பெரிய மாமா? போன உயிருக்கு எதுக்கு இது?"

"பாப்பாவுக்குச் சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா ஏன்னு கேப்பா."

பாப்பா இறந்தவளின் ஒரே மகள். பொதுச் சுகாதாரத்தில் மேல்படிப்பை முடித்த கையோடு, காய்ச்சல் பரவிக் கிடந்த தூரத்து மாவட்டம் ஒன்றுக்கு வேலைக்குப் போயிருந்தாள். கூடப் படித்தவர்களும் அப்படியே மூலைக்கொருவராகப் போய்விட்டதால், பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவைக் கணினித் திரையிலேயே வைத்துவிட்டது. இன்றைக்குத்தான் விழா. மாணவர்கள் சார்பில் பேசப்போகிறவள் பாப்பா. பெயரைக் கூப்பிடும்போது வீட்டாரையும் திரையில் காட்டுவார்களாம்.

"பெத்தவ செத்ததை மக கிட்ட மறைக்கிறதா? இது எந்த ஊர் நியாயம்?"

"மறைக்கல. விழா முடியட்டும், நானே சொல்றேன். இப்பச் சொன்னா நாலு பேர் பார்க்க உடைஞ்சு உட்காருவா. நம்ம வீட்டுப் பொண்ணை ஊரே பாவம்னு சொல்லணுமா?"

"சொல்லட்டுமே. பாவம்தானே அவ."

பெரியவர் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை கல்யாண வீட்டுக்கு வந்த சாவுத் தந்தியை, பந்தி முடியும்வரை தம் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார். அது சரி என்றுதான் இன்றுவரை நினைக்கிறார்.

மெஷினுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் இறந்தவள்தான். "வீட்டோட வந்த மாப்பிள்ளை. போட்ட இடத்தைவிட்டு நகர மாட்டான், எதுக்கெடுத்தாலும் பெருமூச்சு, கரண்ட் பில் மட்டும் ஏறும்" என்பாள். பாப்பா கூப்பிட்டால் முதல் கேள்வி, "மாப்பிள்ளை சௌக்கியமா?" அடுத்தது, "அம்மா பக்கத்துல யாரு?" தூக்கத்தில் குழாய் நழுவிவிடும், எந்நேரமும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது அவள் போட்டுவிட்டுப் போன சட்டம். எல்லாரும் கூடத்தில் போனைச் சுற்றி நிற்கும்போது, உள்ளேயிருந்து சித்தியின் குரல் மட்டும், "நான் இருக்கேன்டி" என்று வரும்.

பெரியவர் வாசல் கேட்டைப் பூட்டினார். சத்தம் கூடத்துக்கு வரும்படி அறைக்கதவை ஒருக்களித்து வைத்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மனைவியை முகம் கழுவிப் பவுடர் போட்டு வரச் சொன்னார்.

"பொணத்தை உள்ள போட்டுட்டு பவுடர் ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் அவள்.

"கண்ணு வீங்கிக் கிடக்கு. போட்டுட்டு வா."

அவர்கள் மகனின் மனைவி, மருமகள், மடிக்கணினியை மேசைமேல் வைத்து, எதிரே நாலு நாற்காலி போட்டாள். மூன்றில் ஆள் உட்கார்ந்தாயிற்று. சித்தி அறையைவிட்டு வரவில்லை.

"அக்காவைத் தனியா விட்டுட்டு நான் வரல."

"ஒரு நாற்காலி காலியா இருந்தா பாக்குறவன் என்ன நினைப்பான்? குடும்பம்னா முழுசா உட்காரணும். எந்திரி."

அந்தக் குரலுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

விழா தொடங்குமுன் வீட்டாரோடு பேசக் கொஞ்ச நேரம் விட்டிருந்தார்கள். பாப்பா திரையில் வந்தாள். வாடகை அறை, பின்னால் சுருட்டிக் கட்டிய கொசுவலை. தபாலில் வந்த கறுப்பு அங்கி தோளில் நிற்காமல் வழுக்கியது.

"பெரியப்பா, சட்டை என்ன இந்த மின்னு மின்னுது? பட்டம் எனக்கா உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், கடைசி நாற்காலிக்கு வந்தாள். சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"சித்தி, நீயும் வந்துட்டியா?"

சித்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அம்மா?"

"அசந்து தூங்குறா. ராத்திரி பூரா தூக்கமில்ல" என்றார் பெரியவர்.

"மாப்பிள்ளை?"

"கேக்கலையா? ஓடிக்கிட்டுத்தானே இருக்கான்."

"கேக்குது." அவள் மறுபடி கடைசி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு வழுக்கிய அங்கியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரி பெரியப்பா."

விழா நடந்தது. துணைவேந்தர் வெகுநேரம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்; மைக்கைப் போடவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லத் துணியவில்லை. யாரோ ஒருவருடைய மாமா இடுப்பில் துண்டோடு குறுக்கே நடந்து போனார். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டவள், பொத்தியபடியே அழ ஆரம்பித்தாள். பெரியவர் அவள் பக்கம் திரும்பாமலே தம் கைக்குட்டையை நீட்டினார்.

பாப்பா பேச வந்தபோது கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்க அம்மா நூல் மில்லுல வேலை பார்த்தாங்க. பஞ்சுத் தூசியோட மூச்சு விட்டு விட்டுத்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. நான் இந்தப் படிப்புக்கு வந்தது அதனாலதான். நம்ம வேலை ஒழுங்கா நடந்தா அது யாருக்கும் தெரியாது. வராம போன வியாதிக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க. பரவாயில்ல. வராம போனாப் போதும்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி செத்தபின் அவன் மனைவி மில்லு வேலைக்குப் போன விஷயத்தைப் பெரியவர் வெளியே விட்டதில்லை. கேட்பவர்களிடம் ஆஸ்துமா என்பார். இப்போது அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. பாப்பாவின் பெயர் அழைக்கப்பட்டது. திரை முழுக்க அவர்களுடைய கூடம், நாலு நாற்காலி, நாலு பேர். பெரியவர் தலையைக் குனியவில்லை. கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

எல்லாம் முடிந்து மற்ற முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பாப்பா மட்டும் இருந்தாள். சொல்வதற்கென்று காலையிலிருந்து கோத்து வைத்திருந்த வார்த்தைகளைப் பெரியவர் தொண்டைக்குக் கொண்டுவந்தார்.

"பாப்பா, மனசைத் திடப்படுத்திக்கோ..."

"பெரியப்பா, மாப்பிள்ளையை நிறுத்திடுங்க. பாவம், யாருக்காக ஓடுறான்?"

சித்தி ஓவென்று கதறினாள். பெரியவர் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"உனக்கு எப்படிம்மா..."

"நாலு பேரும் இங்க இருக்கீங்களே."

அவர் நாற்காலி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவரே உட்கார வைத்த வரிசை. பிறகு எழுந்து, சட்டையின் கீழ்மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அறைக்குள் போய் சுவிட்சை அணைத்தார். மெஷினின் குப்பியில் தண்ணீர் கொஞ்ச நேரம் குமிழியிட்டு அடங்கியது. தலையணையில் கிடந்த குழாயை எடுத்து வளையமாகச் சுற்றி வைத்தார்.

கூடத்தில் அழுகைக்கு நடுவே பாப்பாவின் குரல் கேட்டது.

"சித்தி, அழாத. அம்மா பக்கத்துல இப்ப யாரு?"

பெரியவர் சுவரோரம் இருந்த ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.