மெல்லத் தட்டிய கை

காலையிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. என் தம்பி முஹ்வேசிக்குத் தேவாலயத்தில் சக்கர நாற்காலி தருகிறார்கள். மூன்று மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவன் சீக்கிரமே நடந்துவிடுவேன், வேண்டாம் என்கிறான். காரணம் நான்தான். "மருந்து கேக்குதுடா, ஈயெல்லாம் ஏறுது" என்று போன வாரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

எங்கள் ம்பராரா ஊர் ஆய்வகத்தில் மருந்தைச் சோதிக்க எலி வளர்க்க வசதியில்லை. பழ ஈதான். முஹ்வேசியின் தசைகளைத் தின்கிற அதே மரபணுப் பழுதோடு அவற்றைச் சோளமாவுக் கூழில் வளர்க்கிறோம். கண்ணாடிக் குழாயை மேசையில் தட்டினால் ஈக்கள் அடியில் விழும். நல்ல ஈ விறுவிறுவென்று ஏறிவிடும், பழுதுள்ளது சறுக்கும். பத்து விநாடியில் குழாயில் போட்ட கோட்டைத் தாண்டியவற்றை எண்ண வேண்டும். மருந்து தின்றவை ஆறு வாரமாகத் தாண்டிக்கொண்டிருந்தன.

உடன் வேலை செய்யும் துர்யாசிங்குரா பத்து மணிக்கு என் மேசையருகே வந்து நின்றான்.

"உன் தம்பி நாற்காலி வேணாம்னுட்டானாமே?"

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணு சொன்னா அடிக்க வரமாட்டியே? மருந்துக் குழாயைத் தட்டுறப்ப தொட்டில் ஆட்டுற மாதிரி தட்டுற. மத்ததுன்னா மேசையே ஆடுது."

"என் கைமேலயே சந்தேகமா?"

"கைமேல இல்லம்மா. ஆசைமேல."

எனக்குச் சுருக்கென்றது. "குழாய்மேல இருக்குற பேரையெல்லாம் மறைச்சு ஒட்டு, பாத்துடலாம்" என்று கத்தினேன். இருபது குழாய்களின் மேலும் காகிதம் ஒட்டி, எண் மட்டும் எழுதி, கலைத்து வைத்தான். எது எதுவென்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தட்டினேன், எண்ணினேன், மறுபடி தட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

ஒன்றரை மணிக்குக் காகிதங்களை உரித்தான். மருந்து தின்றதும் தின்னாததும் ஒன்றுபோலவே சறுக்கியிருந்தன. இத்தனை நாளும் நான் மெல்லத் தட்டியதில் மருந்து தின்றவை அடிவரை விழவேயில்லை, பாதி வழியிலிருந்தே ஏறியிருக்கின்றன. துர்யாசிங்குரா என்னைக் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

மணி இரண்டு. போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

"முஹ்வேசி, மருந்து வேலை செய்யலடா. நான்தான் தப்பா தட்டியிருக்கேன். அந்த ஈக்களுக்கு வலிக்குமோன்னு மெதுவா..." அழுதேன்.



"என்னையும் நீ அப்படித்தான் தூக்குற அக்கா" என்றான். "பயந்து பயந்து. அதனாலதான் நழுவி விழறேன். இதுவரைக்கும் சொல்லல."

"டேய்..."

"அழாத. அம்மாவக் கூட்டிட்டுக் கையெழுத்துப் போடப் போறேன், நேரமாச்சு. அடுத்த மருந்துக்காவது ஓங்கித் தட்டு."